மூன்று வாரம்

2018 ஜூன் 4, திங்கள்

டைம் கீப்பர் அறையில் காலை ஷிஃப்ட். திருநெல்வேலி வண்டி ஒன்பது நிமிடம் தாமதம், மற்றபடி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எல்லாம் நேரத்துக்கு. மதியம் வீட்டுக்கு வந்தால், வடிவு அங்கன்வாடியிலிருந்து முன்னதாகவே வந்து படுத்திருந்தாள். இரண்டு மாதமாக விடாத இருமல். இன்று பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் இருமியிருக்கிறாள். அதுவும் பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, அந்த இடம் வந்ததும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து இருமினார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் மறுபடி இருமல்.

சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்தோம். வலது பக்கம் பாதி வெள்ளையாக இருக்கிறது, மதுரைக்குப் போங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

"டிபியாத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடக் கூடாதுங்க, நாளைலருந்து லீவு போட்டுருதேன்" என்றாள் வடிவு.

ஜூன் 13, புதன்

மதுரை. பரிசோதனைக்காக நுரையீரலிலிருந்து சதை எடுத்தார்கள். ஸ்கேன் அறைக்குள் படுக்கவைத்து, முதுகுப் பக்கம் நீள ஊசி. நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் கத்தியது கேட்டது. பிரசவத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை.

வெளியே கொண்டுவந்த பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஊசி போன வழியில் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கிவிட்டதாம். நூற்றில் சிலருக்கு இப்படி ஆகுமாம். விலாவைக் கீறி ஒரு குழாய் செருகினார்கள். அப்போது என்னை உள்ளே விட்டார்கள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பையிலிருந்த சிகரெட் பாக்கெட் நசுங்கிப்போனது.

ஜூன் 18, திங்கள்

குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டர் ஜெசிந்தா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நுரையீரல் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றி நீரும் கோத்திருக்கிறது, அதனால் அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

வடிவு கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திறந்தாள். மூடினாள்.

"கேன்சர்னா எல்லாருக்கும் ஒரே நோய் இல்லம்மா. உங்க கட்டிக்குள்ள எந்த மரபணு கெட்டுப்போயிருக்குன்னு பார்க்க, எடுத்த சதையை அனுப்பியிருக்கோம். சில மாற்றங்களுக்குன்னே மாத்திரை இருக்கு. பொருந்தினா வீட்டுலருந்தே சாப்பிடலாம். பொருந்தலைன்னா ட்ரிப்ஸ்ல ஏத்துற மருந்து. ரெண்டு வாரத்துல தெரியும்" என்றார்.

பிறகு வழக்கமான கேள்விகள். புகைப்பழக்கம் உண்டா என்றார். வடிவு சிரித்துவிட்டாள். வீட்டில் யாராவது என்றார். நான் முப்பத்திரண்டு வருடம் என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜூன் 19, செவ்வாய்

சிகரெட் வாங்கவில்லை. கடைக்காரர் சில்லறை இல்லை என்றார்.

ஜூன் 20, புதன்

இன்றும் வாங்கவில்லை. மழை.

ஜூலை 2, திங்கள்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பொருந்துகிறது. நான்கு ஆங்கில எழுத்தில் ஒரு மரபணு, அதில் மாற்றம் இருக்கிறது, அதற்கான மாத்திரை இருக்கிறது, தினம் ஒன்று. டாக்டர் ஜெசிந்தாவே நிம்மதியாகத் தெரிந்தார். ஆனால் இது நோயை அடக்கும், ஒழிக்காது, பெரும்பாலும் ஒரு வருடம், சிலருக்கு இன்னும் கூட என்று மறைக்காமல் சொன்னார்.

எழுந்திருக்கும்போது வடிவு, "டாக்டர், ஒண்ணு கேக்கணும். இது இவுக சிகரெட் குடிச்சதுனால எனக்கு வந்ததா?" என்றாள்.

நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஆம்புலன்ஸைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் ஒரு டிரைவர் திணறிக்கொண்டிருந்தார்.

"இந்த மாற்றத்தைப் புகையே பிடிக்காதவங்ககிட்டதான் நாங்க அதிகமா பார்க்கிறோம். அதுக்காகப் பக்கத்துல இருக்கிறவங்க புகைக்கு இதுல பங்கே கிடையாதுன்னும் என்னால சொல்ல முடியாது. உங்களுக்கு ஏன் வந்ததுன்னு இந்த ரிப்போர்ட் சொல்லாதும்மா. எந்த மாத்திரைக்குக் கேட்கும்னுதான் சொல்லும்."

திரும்பும்போது விருதுநகர் தாண்டியதும் வடிவு சொன்னாள்: "கேட்டீகளா? குடிக்காதவுகளுக்குத்தான் வருமாம்."

டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

ஜூலை 16, திங்கள்

இருமல் நின்றுவிட்டது. பதினான்கு நாளில். காலையில் அந்தச் சத்தத்துக்குத்தான் நான் இத்தனை நாள் எழுந்திருக்கிறேன் போல. இன்று சத்தமில்லாததால் தூங்கிவிட்டேன். டூட்டிக்கு அரை மணி லேட். மேலதிகாரி கேட்டார். வீட்டில் சுகமாக இருக்கிறாள், அதனால் லேட் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 9, வியாழன்

வடிவு அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம். மாத்திரையால் முகமெல்லாம் பரு பருவாக வெடித்திருக்கிறது. நகக்கண்ணில் வீக்கம், உப்புப் பட்டால் துடிக்கிறாள். டீச்சருக்கு அம்மை போட்டிருக்கிறது என்று ஒரு சின்னப் பெண் ஒரு கொத்து வேப்பிலை கொண்டுவந்து மடியில் வைத்ததாம்.

இப்போது வீட்டில் குழம்புக்குப் புளி கரைப்பது நான். உப்புக் கூடிவிட்டது. "பரவால்ல, பஸ் ஸ்டாண்டு சாப்பாடு மாதிரி இருக்கு" என்றாள்.

நவம்பர் 6, செவ்வாய். தீபாவளி

மகள் சுபாவும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். வெடிப்புகை ஆகாது என்று வடிவை உள்ளே இருக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. சங்குசக்கரம் விட்டாள்.

2019 ஜனவரி 11, வெள்ளி

ஸ்கேனில் கட்டி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அதே நாள் சுபாவிடமிருந்து போன், உண்டாகியிருக்கிறாளாம். வடிவு விரல் விட்டு எண்ணி, "ஆகஸ்ட்டு" என்றாள். அப்புறம் வழியெல்லாம் பேசவில்லை. ஆகஸ்ட் வரைக்கும் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நானும்தான்.

மே 20, திங்கள்

பத்து நாளாக மறுபடி இருமல். ரோடு போடுகிற தூசி என்று இருந்தோம். தூசி இல்லை. ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கிறது, கல்லீரலில் இரண்டு சின்னப் புள்ளி.

"கட்டி கெட்டிக்காரத்தனமா இன்னொரு மாற்றத்தை எடுத்துக்கிட்டு இந்த மாத்திரைக்கு டிமிக்கி கொடுத்திருக்கலாம். அப்படின்னா அதுக்கும் அடுத்த மாத்திரை ஒண்ணு இருக்கு. முதல்ல ரத்தத்துல தெரியுதான்னு பார்ப்போம்" என்றார் டாக்டர்.

ரத்தம் எடுக்கும்போது வடிவு நர்ஸிடம் கேட்டாள்: "ரத்தம் மட்டும் போதும்லா?"

மே 30, வியாழன்

பதினொன்றரை மணிக்கு, ராஜபாளையம் வண்டிக்கும் எட்டயபுரம் வண்டிக்கும் நடுவே, டாக்டர் ஜெசிந்தாவே போன் செய்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். ரத்தத்தில் எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. "இந்த வாரமே கூட்டிட்டு வாங்க. மாற்றம் இருந்தா புது மாத்திரை. இல்லைன்னா உடனே ட்ரிப்ஸ் ஆரம்பிக்கணும். உடம்புல தெம்பு இருக்கும்போதே ஆரம்பிக்கணும் சார்."

சரி டாக்டர் என்றேன்.

வீட்டில் வடிவு தரையில் துணியை விரித்து, சுபாவின் வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்களை நிறம் வாரியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜூன் 14-ஆம் தேதி விசேஷம்.

"போன் வந்துச்சா? அந்த ஊசியை மறுபடி குத்தணும்னு சொல்லுதாகளா?"

ரத்தத்தில் ஒன்றும் இல்லை, மூன்று வாரம் பொறுத்து வரச் சொன்னார்கள் என்றேன்.

அவள் கையில் பச்சை வளையல் ஒன்று இருந்தது. அதைக் கட்டில் சேர்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு வருடம் குறைந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் அவளே தோசை சுட்டாள். நான் ஆறு சாப்பிட்டேன்.

ஜூன் 3, திங்கள்

மதுரையிலிருந்து அழைப்பு. வண்டிகள் சத்தம். எடுக்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

மறுபடி அழைப்பு. நர்ஸ். குடும்பத்தில் விசேஷம், முடிந்ததும் வருகிறோம் என்றேன். "அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

கோயம்புத்தூர். மண்டபத்தில் நூறு பேருக்கு மேல். வடிவு அரக்கு நிறப் பட்டுக் கட்டியிருந்தாள். சுபாவுக்கு முதல் வளையலை அவள்தான் போட்டாள். ஒவ்வொரு வளையலுக்கும் சுபாவின் கையைத் தடவி, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் தன் கையாலேயே கிளறுவேன் என்றவள், இரண்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

அவளைப் பார்க்க நன்றாக இருந்தது. விலாவில் குழாயோடு வந்திருந்தால் இதெல்லாம் இல்லை. அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

பந்தி முடிந்து தனியாக இருக்கும்போது கேட்டாள்: "டாக்டரம்மா நெசமாவே பொறுக்கச் சொன்னாகளா?"

ஆமாம் என்றேன்.

"சரி" என்றாள்.

ஜூன் 17, திங்கள்

பிரசவத்துக்குச் சுபாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டோம். வீட்டுப் படி நான்குதான். ஏழு மாதக்காரி ஏறி நின்றுகொண்டு கையை நீட்ட, வடிவு அதைப் பிடித்து ஏறினாள். இரண்டாம் படியில் ஒரு தடவை நின்றாள்.

ஜூன் 21, வெள்ளி

மதுரை. டாக்டர் ஜெசிந்தா வடிவைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மூணு வாரத்துக்கு முன்னாடியே சார்கிட்ட சொன்னேனே. ஏன் இவ்வளவு நாள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு, "எம் மக வளைகாப்பு இருந்துச்சு டாக்டர். நான்தான் பெறகு பாத்துக்கிடலாம்னு இவுகளைப் பிடிச்சு வச்சேன். இவுக மேல கோவிச்சுக்கிடாதீக" என்றாள்.

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

சதை எடுத்தார்கள். இந்தத் தடவை கல்லீரலில். பத்து நிமிடம். காற்றுக் கசியவில்லை, குழாய் இல்லை, கத்தவும் இல்லை. "போன தடவை மாதிரி இல்லங்க. எறும்பு கடிச்சாப்ல இருந்துச்சு" என்று எனக்குச் சொன்னாள்.

ஜூன் 26, புதன்

கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறோம். முடிவு வருவதற்குள் ட்ரிப்ஸாவது ஆரம்பிக்கலாமா என்று சுபா கேட்டாள். இந்த உடம்பு இப்போது தாங்காது என்றார் டாக்டர்.

ஜூலை 1, திங்கள்

மதியம் கொஞ்சம் தெளிவாகப் பேசினாள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு எப்படி வைக்க வேண்டும் என்று சொன்னாள். நல்லெண்ணெய்தான் ஊற்ற வேண்டும், காரம் குறைய வேண்டும், முழுப் பூண்டாகவே போட வேண்டும். பஸ் டைம் எழுதுகிற சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். சரி பார்த்தாள்.

பிறகு, "நீங்க எதையும் மனசுல போட்டு வச்சுக்கிடாதீக" என்றாள். 

"என்னத்தை?"

"என்னத்தையோ."

அப்போது நர்ஸ் ஊசி போட வந்தார். நான் எழுந்து இடம் விட்டேன்.

ஜூலை 3, புதன்

பிற்பகல் 3.10.

ஜூலை 8, திங்கள்

பரிசோதனை முடிவு இன்று என் போனுக்கு வந்தது. அவளுடைய பெயர், வயது 52, பெண் என்று மேலே போட்டிருக்கிறது. ஏழு பக்கம். எனக்குப் புரியவில்லை. பின்வாசல் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டரிடம் வேலை பார்க்கும் இளைய டாக்டர் ஒருவர் படித்துச் சொன்னார். தேடிய மாற்றம் இல்லை. வேறு மருந்து பொருந்துகிற மாற்றமும் இல்லை.

"அப்படின்னா அந்தப் புது மாத்திரை?"

"கேட்டிருக்காது சார்."

"முன்னாடியே பார்த்திருந்தாலும்?"

"இதே முடிவுதான் பெரும்பாலும் வந்திருக்கும் சார். அந்த மாத்திரை அவங்களுக்கானது இல்லை."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பொறுமையாகச் சொன்னார்.

இதை எழுதாமல் விட்டால் இந்த டைரியே பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மனைவிக்கு மருந்து இல்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். உள்ளே போய்ச் சுபா வைத்திருந்த ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவள் செத்து ஐந்து நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

மே 30-ஆம் தேதி டாக்டர் மூன்று வாரம் பொறுக்கச் சொல்லவில்லை. அந்த வாரமே வரச் சொன்னார். பொறுக்கச் சொன்னது நான். அவளுடைய வலிக்காக என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கதவுக்கு வெளியே மறுபடி நிற்க என்னால் முடியாது, அதற்காகத்தான்.

ஜூலை 19, வெள்ளி

நேற்றுப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாப்பிள்ளையும் சொந்தக்காரர்களும் போய்விட்டார்கள். இன்று காலை சுபாவிடம் சொன்னேன். முதலில் ரிப்போர்ட்டைக் காட்டினேன், பொருந்துகிற மாத்திரை எதுவும் இல்லை என்று. பிறகு மூன்று வாரத்தைச் சொன்னேன். அந்த வரிசையில்தான் சொன்னேன்.

அவள் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு ஏழு பக்கத்தையும் விரலால் நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

"சரிப்பா. மாத்திரை இல்லை. ட்ரிப்ஸ்?"

"என்னம்மா?"

"மாத்திரை பொருந்தலைன்னா உடனே ட்ரிப்ஸ்னுதானே டாக்டர் சொன்னாங்க? மே மாசம் அம்மா நல்லா நடந்துட்டு இருந்தாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சிருந்தா?"

ரிப்போர்ட்டில் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

"என் வளைகாப்புக்காகன்னு சொல்லிடாதீங்கப்பா. அது மட்டும் வேண்டாம்" என்றாள். பீர்க்கங்காயை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஜூலை 20, சனி

பேசவில்லை. தட்டில் சாப்பாடு வைத்து மூடியிருந்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

எனக்கு இப்போது தெரிகிறது. அந்த ரிப்போர்ட்டில் மருந்து பொருந்தியிருந்தால் நான் சுபாவிடம் வாயே திறந்திருக்க மாட்டேன். தப்பித்துக்கொண்டோம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

ஜூலை 22, திங்கள்

காலை 6.10 மதுரை வண்டியில் போனேன். ஆஸ்பத்திரியில் நான் கேட்க வேண்டியதையெல்லாம் வடிவுதான் கேட்பாள். இன்று நோயாளி இல்லாமல் டோக்கன் வாங்கி, பதினெட்டாவது ஆளாக உள்ளே போனேன்.

டாக்டர் ஜெசிந்தா எழுந்து நின்றார். உட்காருங்கள் என்றார்.

"வளைகாப்புக்காகப் பொறுக்கச் சொன்னது அவ இல்லை டாக்டர். நான். நீங்க உடனே வரச் சொன்னதை அவகிட்ட நான் சொல்லவே இல்லை. ட்ரிப்ஸ் அன்னிக்கே ஆரம்பிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? எனக்கு ஆறுதல் வேண்டாம். எம் மகளுக்குச் சொல்லணும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சில பேருக்கு ட்ரிப்ஸ் கேட்கும். கேட்டா அஞ்சாறு மாசம் கூடக் கிடைக்கலாம். சில பேருக்கு ஒண்ணும் செய்யாது, அவஸ்தைதான் மிச்சம். அவங்களுக்கு எது நடந்திருக்கும்னு எனக்குத் தெரியாது சார். அதைச் சொல்ற பரிசோதனை இல்லை. ஆனா அந்த வாய்ப்பு இருந்தது. இல்லைன்னு சொன்னா நான் பொய் சொல்றவளாயிடுவேன்."

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சுபா கூடத்தில் பாய் விரித்து, காலை நீட்டி, பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அஞ்சாறு மாசம் என்பதையும் சொன்னேன்.

அவள் துணியைக் கீழே வைத்தாள். அஞ்சாறு மாதம் என்றால் வடிவு பிள்ளையைப் பார்த்திருப்பாள். அதை இருவரும் சொல்லவில்லை.

"இதை அம்மாகிட்ட சொன்னீங்களாப்பா?" என்றாள்.

"சொல்லலை. அவளுக்கே தெரிஞ்சுபோச்சு. டாக்டர்கிட்ட பழியைத் தன் மேல போட்டுக்கிட்டா."

"அவங்களாத் தெரிஞ்சுக்கிட்டது வேற. நீங்க சொல்றது வேற."

ஆமாம் என்றேன்.

அவள் அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை, போகலாமா என்று தெரியவில்லை. அழுது முடித்துத் துணிகளை அடுக்கினாள். எழுந்திருக்கப் பார்த்தாள், வயிறு விடவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி இரண்டு தடவை முயன்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே மற்றக் கையை நீட்டினாள்.

"பிடிங்கப்பா. எந்திரிக்கணும்."

பிடித்தேன்.